பதினான்கு வயதில் முடியும் உரிமை

ஒரு பள்ளியின் சிறப்பைச் சொல்லும்போது அங்கே படித்து மருத்துவரானவர்களையும் ஆட்சியரானவர்களையும் பட்டியலிடுவது நம் பள்ளி விழா மலர்களின் வழக்கம். அந்தப் பெருமிதம் நியாயமானதே. ஆனால் உயர்நிலைக் கல்வியின் மதிப்பை அந்தப் பட்டியலால் அளக்க முடியாது. கல்லூரிக்குப் போனவருக்கு ஒன்பதாம், பத்தாம் வகுப்புகள் கடந்து வந்த இரண்டு ஆண்டுகள், அவ்வளவுதான். பத்தாவதோடு நிறுத்திவிட்டுத் தறிக்கோ, கடைக்கோ, கட்டட வேலைக்கோ போனவருக்கு அந்த இரண்டு ஆண்டுகளே பெற்ற கல்வியின் எல்லை. அவருடைய வாழ்வில் அவை என்ன மாற்றத்தைச் செய்தன என்று பார்ப்பதுதான் நேர்மையான கணக்கு. அப்படிப் பார்த்தால், தொடக்கக் கல்வியைப் போலவே உயர்நிலைக் கல்வியும் ஒவ்வொரு பிள்ளைக்கும் சட்டப்படியான உரிமையாக வேண்டும் என்ற முடிவைத் தவிர்க்க இயலவில்லை.

சென்னை மாகாணத்தில் பல்கலைக்கழகம் நடத்திய மெட்ரிகுலேஷன் தேர்வின் இடத்தில் 1911இல் எஸ்.எஸ்.எல்.சி. என்ற பள்ளியிறுதிச் சான்றிதழ் வந்தது. பள்ளிப் படிப்பு கல்லூரியின் வாசற்படியாக மட்டும் இராமல் தன்னளவில் நிறைவான கல்வியாகவும் இருக்கலாம் என்பதற்கு அது இடம் தந்தது. அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு எழுத்தர்களாகவும் ஆசிரியப் பயிற்சி பெற்ற இடைநிலை ஆசிரியர்களாகவும் எத்தனையோ குடும்பங்களின் முதல் தலைமுறை தலையெடுத்தது. இன்றும் அரசு கோடு கிழிப்பது பத்தாம் வகுப்பில்தான். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வுக்கு அடிப்படைத் தகுதி அதுவே. பாலிடெக்னிக்கிலும் ஐ.டி.ஐ.யின் பெரும்பாலான பிரிவுகளிலும் சேர அது வேண்டும். வளைகுடா நாடுகள் உள்ளிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குச் செல்வோரில், பத்தாவது தேறாதவர் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி அரசு அலுவலரிடம் தனியாக அனுமதி பெற வேண்டும். தேறியவருக்கு அந்தத் தேவை இல்லை. ஏமாற்றப்படாமல் தன்னைக் காத்துக்கொள்ளத் தேவையான அறிவு பத்தாம் வகுப்பில் வந்துவிடுகிறது என்று அரசே கருதுவதாகத்தான் இதற்குப் பொருள் கொள்ள முடியும்.

அதே அரசு, கல்வி உரிமையை மட்டும் அதற்கு இரண்டு வகுப்புகள் முன்பே நிறுத்திவிடுகிறது. 2009இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த கட்டாய இலவசக் கல்வி உரிமைச் சட்டம் 6 வயது முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்கானது. எட்டாம் வகுப்போடு அதன் காவல் முடிகிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016இல் செய்த திருத்தமும் 14 வயதுக்குக் கீழ்ப்பட்டோரை வேலைக்கு வைப்பதைத்தான் பொதுவாகத் தடுக்கிறது; 14 முதல் 18 வரையிலானோருக்கு அபாயகரமான தொழில்களில் மட்டுமே தடை. ஆகப் பள்ளியில் இருத்திவைக்கும் சட்டமும் வேலைக்குப் போகாமல் தடுக்கும் சட்டமும் ஒரே பிறந்தநாளில் பிள்ளையைக் கைவிடுகின்றன. வறிய வீட்டில் அந்தப் பிறந்தநாளுக்குப் பிறகு என்ன நடக்கும் என்று ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. ஆயினும் சான்று உண்டு. பல மாநிலங்களின் ஊரகப் பகுதிகளில் 2023இல் நடத்திய ‘அசர்’ (ASER) கல்வி ஆய்வில், எந்தக் கல்வி நிறுவனத்திலும் சேராதவர்கள் 14 வயதில் 3.9 விழுக்காடாகவும் 18 வயதில் 32.6 விழுக்காடாகவும் இருந்தனர்.

அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கும் கட்டணம் இல்லையே, தனியாக ஓர் உரிமை எதற்கு என்று கேட்கலாம். கட்டணமின்மை வேறு, உரிமை வேறு. உரிமை இருக்கும்வரை, வராத பிள்ளையைத் தேடிப் போவது உள்ளாட்சியின் கடமை. எட்டு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது. ஒன்பதாம் வகுப்பில் இந்த இரண்டு காப்பும் போய்விடுகின்றன. தேர்ச்சி விழுக்காட்டைக் காப்பாற்ற விரும்பும் பள்ளி, பின்தங்கிய மாணவனின் பெற்றோரை அழைத்து டி.சி.யை வாங்கிக்கொண்டு போகச் சொல்ல வழி பிறப்பது அங்கேதான். தூரமும் ஒரு தடையே. பீகாரில் ஒன்பதாம் வகுப்பு மாணவியருக்கு 2006 முதல் சைக்கிள் வழங்கியதன் விளைவை ஆய்வாளர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் ஆராய்ந்தார்கள். மாணவியரின் சேர்க்கை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உயர்ந்திருந்தது. பள்ளி தொலைவில் இருந்த ஊர்களில்தான் உயர்வு மிகுதி. படிக்க விருப்பமின்றி நின்றவர்கள் என்று நாம் எளிதில் சொல்லிவிடும் சிறுமியரில் பலர், போய்வர வழியின்றி நின்றவர்கள்.

பத்தாவது படித்தவருக்கு என்ன வேலை கிடைத்துவிடுகிறது என்பதே வலுவான மறுப்பு. இதற்குக் கானா நாட்டிலிருந்து ஒரு பதில் கிடைக்கிறது. மேல்நிலைப் பள்ளியில் இடம் கிடைத்தும் பணமின்றி நின்ற 2,064 பேரில் 682 பேருக்கு 2008இல் குலுக்கல் முறையில் உதவித்தொகை கொடுத்து, எஸ்தர் டுஃப்ளோ உள்ளிட்ட ஆய்வாளர்கள் இரு தரப்பினரையும் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். குலுக்கல் என்பதால் வசதியான வீட்டுப் பிள்ளைகள் முன்னேறினார்கள் என்று இதைத் தள்ளிவிட முடியாது. வருமானத்தில் சராசரியாகப் பெரிய ஏற்றம் தெரியவில்லை. ஆனால் உதவி பெற்றவர்கள் வாசிப்பிலும் கணக்கிலும் மற்றவர்களை விடத் தேர்ந்திருந்தார்கள். பெண்கள் குறைவான பிள்ளைகளைப் பெற்றார்கள். அப்பிள்ளைகளின் அறிவு வளர்ச்சியும் மேம்பட்டிருந்தது. சம்பளச் சீட்டில் காணாத பயன் அடுத்த தலைமுறையில் தெரிகிறது. நம் நாட்டின் ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வும் (2019–21) இதற்கு ஒத்துப் போகிறது: பள்ளி செல்லாத பெண்களுக்கு மகப்பேற்று விகிதம் 2.8, பன்னிரண்டு ஆண்டுகளுக்குக் குறையாமல் படித்தவர்களுக்கு 1.8.

அதைவிட என்னை உறுத்துவது இன்னொரு மறுப்பு: பள்ளியில் இருத்திவைத்தும் பிள்ளைகள் கற்பதில்லையே என்பது. முன்சொன்ன ‘அசர்’ ஆய்விலேயே, 14 முதல் 18 வயதினரில் கால்வாசிப் பேரால் இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தாய்மொழியில் சரளமாக வாசிக்க முடியவில்லை. இது உண்மை, இதை மூடி மறைத்துக் கல்வியைப் போற்றுவது பொய்யாகும். எனினும் இது இரண்டு ஆண்டுகளைக் கொடுக்காமல் இருப்பதற்குக் காரணம் ஆகாது. எட்டாவதில் எழுத்துக்கூட்டி வாசிப்பவனுக்கு மற்றவர்களை விடக் கூடுதல் காலம் தேவை. நாம் அவனைத்தான் முதலில் வெளியே அனுப்புகிறோம். அவனுக்கு ஒரு தொழிலைக் கற்றுக்கொடுத்தால் போதாதா என்பவர்கள் 14 வயதில் எந்தத் தொழில் என்பதைச் சொல்வதில்லை. அந்த வயதில் அவன் கண்டது அப்பாவின் தொழிலைத்தான். தொடக்கப் பள்ளி நேரத்தைக் குறைத்து மிச்ச நேரத்தில் வீட்டுத் தொழிலைக் கற்கச் சொன்ன 1953ஆம் ஆண்டுத் திட்டத்தை இந்த மாநிலம் ஓராண்டுக்குள் கைவிட்டதற்குக் காரணமும் அதுவே.

பணம் எங்கே என்ற கேள்வி எப்போதும் இருக்கும். காமராசர் ஆட்சியில், நெ. து. சுந்தரவடிவேலு கல்வித் துறையை நடத்திய காலத்தில், தமிழ்நாடு இன்றையதை விட மிகமிக ஏழை. அப்போதும் ஐந்து மைலுக்குள் ஓர் உயர்நிலைப் பள்ளி என்ற இலக்கு வைத்தார்கள். பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் கூட்டி, கட்டடமும் நாற்காலியும் சீருடையும் ஊராரிடமே திரட்டினார்கள். புதிய கல்விக் கொள்கையின் 2019ஆம் ஆண்டு வரைவு, கல்வி உரிமைச் சட்டத்தைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை நீட்டிக்கச் சொன்னது. 2020இல் வந்த கொள்கையில் அந்தப் பரிந்துரை இல்லை. பன்னிரண்டு வரை உடனே இயலாவிட்டால் பத்து வரையாவது நீட்டட்டும். வேலைக்கு வைக்கும் வயதையும் அதனோடு பொருத்தி 16க்கு உயர்த்தட்டும். கல்வி பொதுப் பட்டியலில் இருப்பதால், தமிழ்நாடு அரசு மத்திய அரசுக்காகக் காத்திராமல் சட்டமன்றத்தில் இதற்கான மசோதாவைக் கொண்டுவரலாம்.