மூச்சிலிருந்து சிறுநீரகத்துக்கு: ஒரு கோழி வைரஸின் வரலாறு

அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் 1930 வாக்கில் கோழிக்குஞ்சுகள் வாயைப் பிளந்து மூச்சுக்குத் தவித்தன. அதைப் புதிய நோயாக ஷால்க், ஹான் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1931இல் பதிவு செய்தார்கள். 1937இல் போடெட்டும் ஹட்சனும் கருவுள்ள முட்டையில் இந்த நோயை உண்டாக்கும் வைரஸை வளர்த்துக் காட்டினார்கள். பின்னாளில் வந்த தடுப்பு மருந்துகள் பெரும்பாலும் அந்த முட்டைக்குள்ளிருந்து பிறந்தவைதான்.

குஞ்சோடு நோய் நிற்கவில்லை. முட்டைக்கோழிகளைத் தொற்றியபோது முட்டை குறைந்தது, ஓடு சுருங்கியது, வெள்ளைக்கரு தண்ணீராக ஓடியது. மாசசூசெட்ஸில் 1940களில் துணிச்சலான ஒரு வழி கண்டார்கள்: வளரும் பருவத்திலேயே வலிந்து தொற்றை ஏற்றி, முட்டையிடத் தொடங்குமுன் எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கிவிடுவது.

பெரிய அடி 1960களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவில் விழுந்தது. மூச்சுத்திணறல் லேசாக வந்து போனது. குஞ்சுகள் தேறிவிட்டன என்று நினைத்த வேளையில் நிறைய தண்ணீர் குடித்தன, எச்சம் நீராகப் போனது, கொத்துக் கொத்தாகச் செத்தன. அறுத்துப் பார்த்தால் வெளிறி வீங்கிய சிறுநீரகம். அதன் நுண்குழல்களில் வெள்ளை யூரேட் அடைத்திருக்கும். சில குஞ்சுகளில் இதயத்தின் மேலும் ஈரலின் மேலும் சுண்ணாம்பு பூசியதுபோல் அது படிந்திருக்கும். கழிவை யூரிக் அமிலமாக வெளியேற்றும் பறவைக்குச் சிறுநீரகம் பழுதானால் வேறு வழி இல்லை. இதை ஆராய்ந்த கம்மிங், குளிர் பட்ட குஞ்சுகளில் சாவு கூடுவதையும் கண்டார். அதே காலத்தில் அமெரிக்காவிலும் சிறுநீரகத்தைத் தாக்கும் ரகங்கள் பிடிபட்டன.

மனிதருக்குச் சளி பிடிக்க வைக்கும் சில வைரஸ்களும் இந்தக் கோழி வைரஸும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஒரே சாயலில் தெரிந்தன. 1968இல் இவற்றையெல்லாம் சேர்த்துக் கொரோனா வைரஸ்கள் என்று பெயரிட்டார்கள். 1987இல் மரபணுத் தொடர் முழுதாக வாசிக்கப்பட்ட முதல் கொரோனா வைரஸும் இந்தக் கோழி வைரஸ்தான். கோழி மருத்துவர்களின் இந்த உழைப்புக்கு உரிய மதிப்பு இன்னும் கிடைக்கவில்லை.

தடுப்பு மருந்தைப் பொறுத்தவரை, நெதர்லாந்தில் முட்டைக்குள் 120 முறை வளர்த்து வீரியம் குறைத்த எச்120 தடுப்பு மருந்து உலகெங்கும் பரவியது. ஆனால் வைரஸ் தன் மேற்புரதத்தை மாற்றிக்கொண்டே இருக்கிறது; ஒரு ரகத்துக்குப் போட்ட மருந்து மற்றதை முழுதாகத் தடுக்காது. இந்தியக் கோழிகளிலும் சிறுநீரகத்தைத் தாக்கும் புதிய மரபணு வகை ஒன்று இருப்பதை 2005இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள்.

கவுட் எனப்படும் இந்த யூரேட் படிவு கண்டு குஞ்சுகள் செத்தால் தீவனத்தை மட்டும் குறை சொல்லி விட்டுவிடாதீர்கள். மிகுதியான உப்பு, மிகுதியான சுண்ணாம்புச் சத்து, தண்ணீர்த் தட்டுப்பாடு எல்லாம் காரணமாகலாம்; வைரஸும் ஆகலாம். பரிசோதனைக்கு அனுப்பும்போது மூச்சுக்குழாயோடு சிறுநீரகத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.