பங்கு யாருக்குச் சொந்தம்?

1902 ஆகஸ்ட் 3 அன்று மணிலாவில் தொழிலாளர் சங்கக் கூட்டமொன்றில் இசபெலோ டி லாஸ் ரேயஸ் பிலிப்பைன் சுதந்திரத் திருச்சபையை அறிவித்தார். தலைவராக அவர் முன்மொழிந்த கிரெகோரியோ அக்லிபாய், புரட்சிப்படையின் தலைமைக் குருவாக இருந்ததால் 1899லேயே சபைநீக்கம் செய்யப்பட்ட பாதிரியார். ரோமைச் சபையிலிருந்து ஏற்பட்ட இந்தப் பிளவை மறைக்கொள்கைச் சண்டையாகப் பார்ப்பது தவறு என்பதே என் கருத்து. ஸ்பானிய ஆட்சியில் வளமான பங்குகள் பெரும்பாலும் ஸ்பானியத் துறவற சபைகளின் கையில் இருந்தன; மண்ணின் மைந்தர்களான குருக்கள் அவர்களுக்குத் துணைக் குருக்களாகவே காலம் தள்ளினர். பங்குகளின் பொறுப்பை ஏற்கும் உரிமைக்காக வாதாடிய புர்கோஸ், கோமஸ், சமோரா ஆகிய மூன்று குருக்கள், கவிட்டே படைக் கலகத்தில் பங்குண்டு என்ற குற்றச்சாட்டின்பேரில் 1872 பிப்ரவரி 17 அன்று கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டனர். நில உடைமையும் இதோடு பின்னிக் கிடந்தது. துறவற சபைகளிடமிருந்து அமெரிக்க அரசு 1903இல் விலைக்கு வாங்கிய நிலம் மட்டும் ஏறத்தாழ 4 லட்சம் ஏக்கர்.

அப்படியானால் அக்லிபாயும் டி லாஸ் ரேயஸும் பின்னாளில் மூவொரு கடவுள் கோட்பாட்டையே கைவிட்டது ஏன் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அது பிரிந்த பிறகு தலைவர்கள் எட்டிய முடிவு. பிரிவுக்குக் காரணம் அன்று. ஊர்க் கோயில்களில் மக்கள் பழைய திருப்பலியையும் புனிதர் விழாக்களையும் விட்டுவிடவில்லை. 1947இல் சபை மூவொரு கடவுள் நம்பிக்கைக்கே திரும்பியது.

மக்கள் ஆர்வம் வற்றியதால்தான் சபை தேய்ந்தது என்ற வாதமும் எனக்கு ஏற்புடையதன்று. 1918 கணக்கெடுப்பில்கூட அதன் உறுப்பினர்கள் சுமார் 14 லட்சம் பேர். அதன் முதுகெலும்பை முறித்தது நீதிமன்றம். லகோனாய் பங்குக் குரு ராமிரெஸ் தன் மக்களோடு புதிய சபையில் சேர்ந்து, கோயிலை ரோமைச் சபையிடம் தரமுடியாது என்றார். கோயில் ஊர்மக்களின் உழைப்பில் எழுந்தது என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் 1906 நவம்பரில் தள்ளி, அது ரோமைச் சபைக்கே உரியது என்றது. அந்தத் தீர்ப்பையொட்டி நாடெங்கும் கைப்பற்றப்பட்டிருந்த கோயில்கள் திரும்பிப் போயின. சபை ஓலைக் கொட்டகைகளிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியிருந்தது.

அந்த வழக்கில் ரோமைச் சபையின் சார்பில் வென்ற ஹோர்கே பார்லின், அதே ஆண்டு ஜூனில் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டவர். ரோமைச் சபையின் முதல் பிலிப்பினோ ஆயர். உள்நாட்டுக் குருக்களுக்கு அதுவரை எட்டாதிருந்த ஆயர் பதவி, சபை பிளந்து நான்கே ஆண்டுகளில் கைகூடியது. தோற்ற சபைக்கு அதில் பெரும் பங்குண்டு. கத்தோலிக்க வரலாற்றாசிரியர்கள் அதைத் தயங்காமல் எழுத வேண்டும்.