நீலகிரி டிரவுட் மீன்பிடிப்பு

நீலகிரி டிரவுட் மீன்பிடிப்பு என்பது தமிழ்நாட்டின் நீலகிரி மலையின் உயர்பகுதி ஓடைகளிலும் நீர்த்தேக்கங்களிலும் வாழும் வானவில் டிரவுட் மீனைச் செயற்கைப் பூச்சித் தூண்டில் கொண்டு பிடிக்கும் பொழுதுபோக்கு ஆகும். இம்மீன் இந்தியாவிற்கு உரியதன்று. பிரித்தானியர் ஆட்சிக்காலத்தில் விளையாட்டு மீன்பிடிப்பிற்காக இங்குக் கொண்டுவரப்பட்டது. வெப்ப மண்டலத்தில், ஏறத்தாழ 11 பாகை வடக்கு அகலாங்கில், குளிர்நீர் மீனொன்று நிலைபெற்றிருப்பது இதன் சிறப்பு.

மீனின் இயல்பு

வானவில் டிரவுட் சால்மன் குடும்பத்தைச் சேர்ந்தது. வட அமெரிக்காவின் பசிபிக் கரையோர ஆறுகளும் கம்சாத்கா பகுதியும் இதன் தாயகம். உடலின் பக்கவாட்டில் ஓடும் இளஞ்சிவப்புப் பட்டையால் இப்பெயர் ஏற்பட்டது. பழைய நூல்களில் சால்மோ கெய்ர்டுனேரி என்னும் அறிவியல் பெயர் காணப்படும். 1989 முதல் இது ஒன்கோரிங்கசு மைகிசு என வழங்கப்படுகிறது. நீர்ப்பூச்சிகள், அவற்றின் இளவுயிரிகள், சிறு மீன்கள் ஆகியன இதன் உணவு.

வரலாறு

1860களில் பிரான்சிசு டே என்ற மருத்துவர் டிரவுட் மீனை நீலகிரியில் குடியேற்ற முயன்றார். இவரே பின்னர் இந்திய மீன்களைப் பற்றிய புகழ்பெற்ற நூலை எழுதியவர். அம்முயற்சி பலிக்கவில்லை. நீண்ட கடற்பயணத்தில் முட்டைகளைக் குளிர்ச்சியாக வைத்திருப்பது அக்காலத்தில் பெரும் இடராக இருந்தது. 1879இல் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சென்னை மாகாண அரசின் மீன்வளர்ப்பு வல்லுநரான எச். சி. வில்சன் இப்பணியை மீண்டும் மேற்கொண்டார். அவரது முயற்சியால் வானவில் டிரவுட் இங்கு நிலைபெற்றது. 1907இல் உதகமண்டலத்திலிருந்து சுமார் 28 கி.மீ. தொலைவிலுள்ள அவலாஞ்சியில் குஞ்சுபொரிப்பகம் அமைக்கப்பட்டது. அங்கு முதிர்ந்த மீன்களிலிருந்து முட்டையும் விந்தும் கையால் பிதுக்கி எடுக்கப்பட்டுக் கருவூட்டப்படும். குஞ்சுகள் தாமே இரை தேடும் அளவிற்கு வளர்ந்த பின் ஓடைகளில் விடப்படும்.

1950களிலும் 1960களிலும் குந்தா நீர்மின் திட்டத்திற்காக அவலாஞ்சி, எமரால்டு, மேல் பவானி முதலிய அணைகள் கட்டப்பட்டன. இதனால் ஓடைகளின் சில பகுதிகள் நீரில் மூழ்கின. அதே வேளையில் ஆழமான குளிர்ந்த நீர்த்தேக்கங்களும் உருவாயின.

தூண்டில் முறை

பறவை இறகு, விலங்கு மயிர், நூல் ஆகியவற்றைச் சிறு முள்ளில் கட்டிப் பூச்சி போன்ற போலி இரை செய்யப்படுகிறது. இது மிக இலேசானதாகையால் தனித்து எறிய இயலாது. எனவே தடித்த, எடையுள்ள நூலைக் கோலின் முன்பின் வீச்சால் பறக்கவிட்டு, அதன் நுனியிலுள்ள மெல்லிய நூலின் வழியே இரை நீரில் இறக்கப்படுகிறது. மிதக்கும் இரை முதிர்ந்த பூச்சியையும், மூழ்கும் இரை நீருக்கடியில் வாழும் இளவுயிரியையும் ஒத்திருக்கும். டிரவுட் நீரோட்டத்தை எதிர்த்து நிற்கும் மீன். ஆதலால், பிடிப்பவர் கீழ்ப்புறமிருந்து மேல்நோக்கிச் சென்றால் மீன் எளிதில் அவரைக் காணாது.

பருவமும் வெப்பநிலையும்

குளிர்காலத்தை ஒட்டி டிரவுட் இனப்பெருக்கம் செய்கிறது. திசம்பர், சனவரி மாதங்களில் உறைபனி விழும் மலைப்பகுதியில், பிப்ரவரி முதல் நீர் மெல்லச் சூடேறுகிறது. அப்போது நீர்ப்பூச்சிகள் பெருகி மேற்பரப்பிற்கு வருவதால் மீனும் ஊக்கத்துடன் இரை தேடும்.

ஏறத்தாழ 10 முதல் 18 °செ வரையான நீர் இம்மீனுக்கு ஏற்றது. 20 °செ வெப்பநிலையைக் கடந்தால் அது துன்புறுகிறது. 25 °செ அளவில் உயிருக்கே ஆபத்து. வெப்பம் கூடும்போது மீனின் உயிர்வளித் தேவை கூடுகிறது. நீரில் கரையும் உயிர்வளியோ குறைகிறது. கடல்மட்டத்தில் 10 °செ நீரின் ஒரு லிட்டரில் சுமார் 11 மி.கி. உயிர்வளி கரையும். 20 °செ நீரில் இது சுமார் 9 மி.கி. ஆகும். காற்றழுத்தம் குறைந்த மலையுச்சியில் இவ்வளவு இன்னும் குறைவு.

ஏப்ரல், மே மாதங்களில் ஓடைகள் வற்றும்போது மீன்கள் நிழலுள்ள ஆழமான மடுக்களில் ஒதுங்கும். அப்போது காலையும் மாலையுமே மீன்பிடிக்க ஏற்ற வேளை. நண்பகலில் பிடித்து மீண்டும் நீரில் விடப்படும் மீன் களைப்பினால் இறக்கக்கூடும். தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் ஓடைகள் பெருக்கெடுத்துக் கலங்கிவிடும். 2019 ஆகத்தில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கும் மேல் மழை பதிவானது.

சூழலியல் சிக்கல்கள்

உலகின் மிகக் கேடான 100 அயல் ஊடுருவு இனங்களின் பட்டியலில் வானவில் டிரவுட்டும் இடம்பெற்றுள்ளது. பிற நாடுகளில் இது உள்நாட்டு மீன்களையும் தவளைகளின் தலைப்பிரட்டைகளையும் உண்டு அவற்றின் தொகையைக் குறைத்துள்ளது. நீலகிரியின் சோலை ஓடைகளில் வேறெங்கும் காணப்படாத தவளையினங்கள் வாழ்வதால் இக்கேள்வி முக்கியமானது. நூறாண்டு மரபாக இதனைக் காப்பதா, அயலினமாகக் கருதிப் பரவலைத் தடுப்பதா என்பதில் மீன்பிடிப்போர் பார்வையும் காட்டுயிர் ஆர்வலர் பார்வையும் வேறுபடுகின்றன. புவி வெப்பமடைதலால் ஓடைநீர் சூடேறினால், மலையுச்சிக்கு மேல் ஒதுங்க இடமற்ற இம்மீனின் வாழிடம் சுருங்கும்.

டிரவுட் வாழும் நீர்நிலைகள் பலவும் காப்புக்காடுகளிலும் முக்கூர்த்தி தேசியப் பூங்காவிலும் அடங்குவன. அவற்றில் வனச்சட்டங்கள் பொருந்தும். உரிய அனுமதியின்றி மீன்பிடித்தல் குற்றமாகும்.

பிற இடங்கள்

கேரளத்தின் மூணாறு, காசுமீர், இமாச்சலப் பிரதேசம் ஆகிய இடங்களிலும், இலங்கையில் நுவரெலியா, ஓர்ட்டன் சமவெளி ஆகிய பகுதிகளிலும் டிரவுட் அறிமுகப்படுத்தப்பட்டது. காசுமீரிலும் இமாச்சலத்திலும் பழுப்பு டிரவுட்டும் உண்டு.

இவற்றையும் பார்க்க

நீலகிரி மாவட்டம்
சோலைக்காடு
முக்கூர்த்தி தேசியப் பூங்கா
ஊடுருவு இனம்