தருமமும் சம்பளமும்

தொழிற் சட்டங்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அவை யாருக்கு என்ன வழங்கின என்பதையே எழுதிச் செல்கின்றனர். யாரை வாசலில் நிறுத்தின என்பதை எழுதுவோர் சிலரே. இலங்கையின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டமாகும். பண்டாரநாயக்காவின் அரசாங்கத்தில் ரி. பி. இலங்கரத்தினா தொழில் அமைச்சராக இருந்தபோது அது நிறைவேறியது. ஓய்வூதியம் என்ற சொல்லை அரசாங்க உத்தியோகத்தர் வாயிலாக மட்டுமே கேட்டறிந்திருந்த தனியார் துறைத் தொழிலாளிக்கு முதுமையில் ஊன்றிக்கொள்ள ஒரு கோல் கிடைத்தது. அதன் பெருமையை நாம் சிறிதும் குறைக்கப் போவதில்லை. ஆயினும் அச்சட்டத்தின் கீழ் வந்த விதிகளிலே விலக்குப் பட்டியல் ஒன்று உண்டு. வீட்டு வேலையாளர் அதில் அடங்குவர். பத்துப் பேருக்குக் குறைந்த ஊழியரைக் கொண்ட சமய, சமூக, தரும நிறுவனங்கள் அடங்கும். இவற்றோடு, இளங் குற்றவாளிகள், அநாதைகள், ஆதரவற்றோர், செவிப்புலனற்றோர், விழிப்புலனற்றோர் ஆகியோருக்குப் பயிற்சி அளிக்கும் நிறுவனங்களும் அடங்குகின்றன.

கடைசி வகையை வாசகர்கள் மீண்டும் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டுகிறோம். பிள்ளைகளைக் காக்கும் இல்லத்தில் விடியற்காலையில் அடுப்பு மூட்டும் சமையற்காரி, இரவு முழுதும் கண்விழிக்கும் ஆயா, மேற்றன், காவலாளி ஆகிய அனைவரும் சட்டத்தின் கண்ணுக்கு வீட்டு வேலையாளோடு ஒரே வரிசையில் நிற்கின்றனர். அவர்கள் செய்வது தொழிலன்று, தருமம் என்பது விதி எழுதியவர்களின் எண்ணம் போலும்!

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதைப் புத்தளக் கரையின் கதையைக் கொண்டே ஆராயலாம். வடக்கே கற்பிட்டித் தீபகற்பம் முதல் தெற்கே மகா ஓயாவின் கழிமுகம் வரை நீண்டு கிடக்கும் இக்கரையிலே உப்பளமும் தென்னந்தோட்டமும் மீன்வாடியுமே பிழைப்பு. சோனகர், தமிழர், சிங்களவர் என மூன்று மக்களும் கலந்து வாழும் நிலம் இது. 1934ஆம் ஆண்டு பருவமழை பொய்த்தது. மகா ஓயாவும் தெதுறு ஓயாவும் வற்றி, மணற்படுகைகளிலே குட்டை குட்டையாகத் தேங்கி நின்றன. அக்குட்டைகளிலே மலேரியா நுளம்பு பெருகிற்று. 1934, 1935ஆம் ஆண்டுகளில் இலங்கையில் அக்கொள்ளைநோய்க்குப் பலியானோர் ஏறத்தாழ 80,000 பேர். கேகாலை, குருநாகல் மாவட்டங்களோடு சிலாபம், புத்தளம் பகுதிகளும் அதன் கொடுமைக்கு ஆளாயின. சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் மருந்தும் உணவும் சுமந்து கிராமம் கிராமமாகச் சென்றதும், பருப்புப் பங்கிட்டுக் கொடுத்த என். எம். பெரேராவை மக்கள் 'பருப்பு மாத்தையா' என்று அன்போடு அழைத்ததும், 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி பிறந்ததும் நம் வாசகர்கள் அறிந்தவையே. அவர்கள் விட்டுச் சென்ற கேள்வியே இங்கு நமக்கு வேண்டியது. தாயும் தந்தையும் ஒரே வாரத்தில் மாண்ட குடிசையிலே எஞ்சிய குழந்தை யார் பொறுப்பு?

அடுத்த சில ஆண்டுகளில் அரசு தன் பொறுப்பைச் சட்டங்களாக எழுதத் தொடங்கிற்று. 1939இல் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம் வந்தது. 1941இல் அநாதை இல்லங்கள் கட்டளைச் சட்டமும் மகவேற்புக் கட்டளைச் சட்டமும் வந்தன. 1956இல் நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களம் தனியே அமைந்தது. இவை யாவும் பிள்ளையை நோக்கியவை. இல்லத்தைப் பதிவு செய்யவும் மேற்பார்வையிடவும் வழி கண்டன. அவ்வில்லத்தில் உழைப்பவரின் நிலை அவற்றின் பார்வைக்கு அப்பாற்பட்டதாகவே இருந்தது.

உழைப்பவரை நோக்கிய சட்டமும் அதே 1939இல் பிறந்தது. மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டமே அது. அக்காலத்தில் தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சராக விளங்கியவர் அரசாங்க சபையின் சிலாபத் தொகுதி உறுப்பினர் குளோட் கொரியா. ஆக, இக்கரையின் பிரதிநிதி ஒருவரே அச்சட்டக் காலத்துத் தொழில் அமைச்சராக இருந்தார் என்பதைச் சிலாபத்து மாணவர்களுக்கு நாம் சொல்லித்தர மறந்துவிடுகிறோம். பின்வந்த திருத்தங்களால் அச்சட்டம் வளர்ந்தது. ஒரு வயது நிரம்பாத குழந்தையுள்ள தாய்க்கு நாள்தோறும் இருமுறை பாலூட்டும் இடைவேளை உண்டு. வேலைத்தலத்தில் பிள்ளைக்காம்பரா இருப்பின் ஒவ்வோர் இடைவேளையும் அரை மணி, இல்லையேல் ஒரு மணி. மூன்றாம் பிள்ளை முதல் விடுமுறை 42 நாள்களாகக் குறுகிப்போகும் அநீதி 2018ஆம் ஆண்டுத் திருத்தம் வரை நீடித்தது. அத்திருத்தத்தின் பின்னரே எத்தனையாவது பேறாயினும் 84 நாள்கள் என்றாயிற்று. மூன்றாம் குழந்தையைப் பெற்ற உடல் மட்டும் விரைவில் தேறிவிடும் என்று முன்னையோர் எந்த மருத்துவ நூலிற் படித்தார்களோ, நாம் அறியோம்.

பிள்ளைக்காம்பரா என்ற சொல்லிலே சற்று நிற்போம். தோட்டத்துத் தாய்மார் வேலைக்குப் போகையில் குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம் அது. அங்கே குழந்தைகளைப் பார்க்கும் ஆயாவைத் தோட்டம் தன் தொழிலாளியாகவே கணக்கிடுகிறது. அவளுக்குச் சேமலாப நிதி உண்டு. அரசின் சிறுவர் பராமரிப்புச் சேவையில் நிரந்தர நியமனம் பெற்றவருக்கு ஓய்வூதியம் உண்டு. அநாதை இல்லத்து ஆயாவுக்கோ இரண்டும் சட்டப்படி உரித்தல்ல. மூவரும் துடைப்பது ஒரே மூக்கைத்தான். மூவரும் தூக்கிச் சுமப்பது ஒரே எடையைத்தான். பிள்ளை தோட்டத்தின் பிள்ளையா, அரசின் பிள்ளையா, எவருமற்ற பிள்ளையா என்பதைப் பொறுத்து வளர்ப்பவளின் முதுமை தீர்மானிக்கப்படுகிறது. எவருமற்ற பிள்ளையை வளர்ப்பவளுக்கே எதுவுமற்ற முதுமை வாய்க்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்பது ஆசிரியர்களாகிய எமக்குப் பழக்கம். மாதம் 30,000 ரூபா வேதனம் என்று கொள்வோம். இன்றைய விகிதப்படி தொழிலாளி நூற்றுக்கு 8, தொழில் கொள்வோர் நூற்றுக்கு 12 செலுத்த வேண்டும். மாதம் 2,400 ரூபாவும் 3,600 ரூபாவுமாக 6,000 ரூபா சேரும். வேதனம் ஒரு சதமும் உயராது, வட்டியும் சேராது என்று வைத்துக்கொண்டாலும், இருபது ஆண்டில் 1,440,000 ரூபா ஆகிறது. அதில் 864,000 ரூபா தொழில் கொள்வோரின் பங்கு. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டம் ஆண்டொன்றுக்கு அரை மாத வேதனம் தருகிறது. அதன்படி இருபது ஆண்டுக்கு 300,000 ரூபா. ஆனால் அதுவும் பதினைந்து பேருக்குக் குறையாத ஊழியர் உள்ள இடத்துக்கே உரியது. எட்டுப் பேரோடு நடக்கும் சிற்றில்லத்துச் சமையற்காரிக்குப் பிரியாவிடையும் ஒரு சேலையும் கிடைக்கலாம். நல்ல நிருவாகம் அமைந்தால் தானாக ஒரு தொகை கொடுக்கும். கொடுத்தால் அது ஈகை. கேட்டுப் பெறும் உரிமையன்று.

இதற்குரிய மூலகாரணத்தை வரலாற்றிலே தேட வேண்டும். சிலாபம் தனி மறைமாவட்டமானதும் மேற்சொன்ன 1939இலேயே. இக்கரையிலும் தீவின் பிற பகுதிகளிலும் கத்தோலிக்கக் கன்னியர் சபைகள் பிள்ளைப் பராமரிப்பில் முன்னோடிகளாக நின்றன. பின்னர்ப் பள்ளிவாசல்களைச் சார்ந்தோரும் இந்து, பௌத்த சங்கங்களும் அவ்வழி வந்தனர். வறுமை விரதம் பூண்ட கன்னியாஸ்திரீ சம்பளம் கேட்பதில்லை. ஆனால் அவர் முதுமையுற்றாற் சபை அவரைக் காக்கிறது. அவருக்கு மடமே சேமலாப நிதி! அவரருகில் நின்று அதே வேலையைச் செய்யும் கிராமத்து விதவைக்கு அத்தகைய மடம் எது? துறவிக்கு உரிய அளவுகோலால் குடும்பஸ்திரீயை அளந்ததே பிழையின் தொடக்கம் என்பது எமது கருத்து. அத்துறவியரின் தொண்டைக் குறைத்துச் சொல்ல இதனை எழுதவில்லை. அவர்களின் தொண்டு பெரிது என்பதாலேயே அதன் நிழலில் நின்றவரின் கூலி கண்ணுக்குத் தெரியாமற் போயிற்று.

மேனாட்டிலும் இதற்கு முன்கதை உண்டு. 1739இல் சாசனம் பெற்ற இலண்டன் கைவிடப்பட்டோர் மருத்துவமனை, குழந்தைகளை நாட்டுப்புறச் செவிலியரிடம் கூலிக்கு வளர்க்கக் கொடுத்தது. ஓராண்டு வரை குழந்தையை உயிரோடு வளர்த்த செவிலிக்குப் பத்துச் சிலிங் மேலதிகமாக வழங்கியது. குழந்தையின் உயிருக்கும் வளர்ப்பவளின் வருவாய்க்கும் தொடர்புண்டு என்பதை அக்காலத்துக் கனவான்களே உணர்ந்திருந்தனர்.

வேலைத்தலத்தில் யார் இடம்பெறுகிறார், யார் வெளியே நிற்கிறார் என்பதற்குப் பணம் மட்டுமன்றி மொழியும் விடை சொல்லும். 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. 1987இன் பதின்மூன்றாம் திருத்தத்தின் பின் நன்னடத்தையும் சிறுவர் பராமரிப்பும் முன்பள்ளியும் மாகாண சபைகளுக்குச் சென்றன. புத்தளம் வடமேல் மாகாணத்தின் பகுதி, தலைநகர் குருநாகல். 1988இன் பதினாறாம் திருத்தம், மொழிச் சிறுபான்மையினர் கணிசமாக வாழும் பிரிவுகளை இருமொழி நிருவாகப் பிரிவுகளாக அறிவிக்க வழி செய்தது. கற்பிட்டியும் புத்தளமும் அவ்வாறு அறிவிக்கப்பட்டன. அறிவிப்பு வேறு, அலுவலக மேசை வேறு. நீதிமன்றக் கட்டளையோடு இல்லத்துக்கு வரும் தமிழ் பேசும் பிள்ளையின் கோவை எம்மொழியில் எழுதப்படுகிறது? பிள்ளையின் சொல்லை உத்தியோகத்தருக்கு எடுத்துரைப்பவர் யார்? பல வேளைகளில் இரு மொழியும் அறிந்த ஆயாவே அந்த வேலையைச் செய்கிறார். அதற்குப் பதவியுமில்லை, படியுமில்லை.

1990 ஒக்டோபர் இக்கரையின் வரலாற்றில் ஒரு பிளவு. வட மாகாணத்து முஸ்லிம்கள் 70,000க்கு மேற்பட்டோரை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாண நகரத்தாருக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணி நேரம். மன்னாரிலிருந்து வள்ளமேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கியோர் பலர். தென்னந்தோப்புகளிலே ஓலைக் கொட்டில்கள் எழுந்தன. அரசாங்க ஆசிரியர்கள் இடம்பெயர்ந்தும் சம்பளம் பெற்றனர். அது அவர்களின் பதவிக்கு இருந்த பாதுகாப்பு. வெங்காயத் தோட்டத்துக்கும் உப்பளத்துக்கும் கூலிக்குப் போன தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட முன்பள்ளி ஆசிரியைகளுக்கோ அத்தகைய பதவி எதுவும் இருக்கவில்லை. தொண்டு நிறுவனத்தின் திட்டம் ஓடும் வரை ஊக்கத்தொகை. திட்டம் முடிந்தால் அதுவும் முடிந்தது. மேலும் ஒரு முடிச்சு: இடம்பெயர்ந்தோரின் வாக்குரிமைப் பதிவு நெடுங்காலம் வடக்கிலேயே கிடந்தது. புத்தளத்தில் வேலை கேட்டால் நீ வடக்கத்தியார் என்றனர். வடக்கிலோ அவர்கள் இல்லை. புத்தளத்துப் பழங்குடிகளுக்கும் வேலை அரிதாயிருந்த காலம் அது. அவர்களின் கசப்பை வெறும் பொறாமை என்று ஒதுக்குவது நேர்மையாகாது. இரு ஏழைகளை ஒரே நியமனத்துக்கு முட்டவிட்டது பற்றாக்குறையே.

தமிழகத்திலும் இதே வழக்கு வேறு பெயரில் நடந்தது. 1975இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது முதல் அங்கன்வாடிப் பெண்களுக்குக் கிடைப்பது 'மதிப்பூதியம்' என்றே சொல்லப்பட்டது. ஊதியம் என்றால் உரிமை வந்துவிடுமே! குஜராத்தின் தாஹோத் மாவட்டத்துப் பெண்கள் தொடுத்த வழக்கிலே, 2022 ஏப்பிரல் 25ஆம் நாள் இந்திய உச்ச நீதிமன்றம் அம்மதிப்பூதியமும் ஊதியமே என்றும், 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்றும் தீர்ப்பளித்தது.

நம் நாட்டு விலக்கை நியாயப்படுத்துவோர் சொல்வது ஒன்றே: தரும இல்லத்துக்குப் பணமில்லை, நூற்றுக்குப் பன்னிரண்டு கேட்டால் பிள்ளையின் தட்டிலிருந்தே எடுக்க நேரும். இவ்வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் பிள்ளையை அவ்வில்லத்தில் ஒப்படைப்பது யார்? பெரும்பாலும் நீதிமன்றமும் அரசின் உத்தியோகத்தருமே. அரசு தன் கடமையைத் தரும இல்லத்தின் தோளில் வைக்கும்போது, அக்கடமையைச் செய்பவரின் சேமலாபப் பங்கும் அரசின் கணக்கிலேயே வர வேண்டும். தலைக்கு இவ்வளவு என்று பிள்ளைக்குக் கொடுக்கும் உதவிப் பணத்தைக் கணிக்கும்போது அரிசியும் சீருடையும் கணக்கில் வருவது போல ஆயாவும் வரலாம். 2009இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டிகள், பராமரிப்போரின் வேதனமும் வேலை நிலைமையும் அவர்கள் தொடர்ந்து பணியில் நிற்க ஏதுவாக இருத்தல் வேண்டும் என்கின்றன. ஆறு மாதத்துக்கு ஒரு ஆயா மாறும் இல்லத்திலிருந்து வரும் பிள்ளை வகுப்பிலே எவரையும் நிமிர்ந்து பாராதிருப்பதை இக்கரை ஆசிரியர்கள் கண்டிருப்பர்.

செவிப்புலன், விழிப்புலன் அற்றோருக்கான நிறுவனங்களின் விலக்கு இன்னும் விந்தையானது. 1988ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை ஒன்று அரச சேவை நியமனங்களில் நூற்றுக்கு மூன்றை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கச் சொல்கிறது. அவர்களை அப்பதவிக்குத் தகுதியாக்கும் நிறுவனத்தில் வேலை செய்பவரோ, அவர் தாமே விழிப்புலனற்றவராயினும், சேமலாப நிதிக்குப் புறத்தே நிற்கிறார். பயிற்சி பெறுவோருக்குக் கொடுக்கும் சிறு தொகையைச் சம்பளமாகக் கொள்ளக்கூடாது என்பதே முதல் நோக்கமாக இருந்திருக்கலாம். அதுவாயின் பயில்வோரை மட்டும் விலக்கினாற் போதும். பயிற்றுவோரையும் சமைப்போரையும் சேர்த்து விலக்க வேண்டியதில்லை.

இத்தனைக்கும் இவ்விலக்கு சட்டத்தின் மூல வாசகத்தில் இல்லை, விதிகளில் உள்ளது. விதி ஆக்கும் அதிகாரம் தொழில் அமைச்சருக்கு உரியது. 1958இல் எழுதப்பட்ட இரண்டு வகைகளை நீக்கப் புதிய சட்டம் தேவையில்லை. வர்த்தமானியில் ஒரு திருத்தமும் பாராளுமன்றத்தின் இசைவும் போதும்.