அரிவாளில் மொய்த்த ஈக்கள்

நாம் அருவருத்து விரட்டும் உயிர்களில் ஈக்கே முதலிடம். ஆயினும் மனித நாவுகள் உண்மையை மறைத்த வேளைகளில் அந்த ஈயே சாட்சியாக வந்து நின்ற வரலாறு உண்டு.

சீன நாட்டின் நீதி அதிகாரியான சொங் சி, கி.பி. 1247இல் பிணப் பரிசோதனை குறித்து ஒரு நூலைத் தொகுத்தார். அதில் ஒரு வழக்கைக் காண்கிறோம். வழியோரத்தில் ஒருவர் வெட்டுண்டு கிடந்தார். காயங்கள் கதிர் அரிவாளால் ஏற்பட்டவை. உடைமைகள் களவு போகவில்லை. எனவே பகையே காரணம் எனக் கருதிய விசாரணை அதிகாரி, அவ்வட்டாரத்தாரின் அரிவாள்கள் அனைத்தையும் கொணரச் செய்து வெயிலில் பரப்பினார். எழுபது, எண்பது அரிவாள்களில் ஒன்றை மட்டுமே ஈக்கள் மொய்த்தன. கண்ணுக்குப் புலப்படாத குருதியின் வாடை அவற்றை ஈர்த்திருந்தது. அதன் உரிமையாளர் இறுதியில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

இறைச்சியிலிருந்து புழுக்கள் தாமாகவே தோன்றுகின்றன என்றே ஐரோப்பாவில் நெடுங்காலம் நம்பினர். 1668இல் இத்தாலிய மருத்துவர் பிரான்செஸ்கோ ரெடி, மெல்லிய துணியால் மூடிய பாத்திரத்து இறைச்சியில் புழுக்கள் தோன்றாததைக் காட்டி, அவை ஈயின் முட்டைகளிலிருந்தே பிறப்பதை நிறுவினார். முட்டை, புழு, கூட்டுப்புழு, ஈ என்னும் பருவங்களை வைத்து மரண காலத்தைக் கணிக்கும் முறைக்கு இதுவே அடித்தளமாயிற்று.

1850இல் பிரான்சில் ஒரு வீட்டைப் பழுதுபார்த்தபோது, கணப்படுப்பின் பின்புறம் குழந்தையொன்றின் உலர்ந்த உடல் கிடைத்தது. ஐயம் அங்கே அப்போது குடியிருந்தோர் மீது விழுந்தது. மருத்துவர் பெர்ஜரே, உடலில் இருந்த பூச்சிகளின் எச்சங்களை ஆராய்ந்து, மரணம் 1848இல் நிகழ்ந்திருக்க வேண்டுமெனக் கூறினார். எனவே ஐயம் முன்பு குடியிருந்தோர் பக்கம் திரும்பியது. பூச்சிகளின் வளர்ச்சிக் காலம் குறித்த அவரது கணக்கில் பிழைகள் இருந்ததைப் பின்வந்தோர் கண்டனர். 1894இல் மெஞ்ஞான், பிணத்தை நாடி எட்டுத் தொகுதிகளாகப் பூச்சிகள் வரும் வரிசையை நூலாக எழுதினார்.

இன்றைய ஆய்வாளர்கள் வெப்பநிலையையும் சேர்த்தே கணிக்கின்றனர். வெயிலில் புழு விரைந்து வளரும், குளிரில் தாமதிக்கும். பூச்சிகள் எப்போது உடலை அடைந்தன என்பதையே அவை உணர்த்தும். கொன்றவர் யார் என்பதை அவை மட்டும் உரைத்துவிடா.

இவ்வரலாற்றில் நமக்கும் ஒரு பாடம் உண்டு. ஒரு வீட்டில் துயரம் நேர்ந்தால், அருகில் இருப்பவரையே குற்றவாளியாக்கி ஊர் பேசத் தொடங்கிவிடுகிறது. சான்று வரும்வரை நாவைக் காத்துக்கொண்டால், நிரபராதி ஒருவரின் மானத்தைக் காத்தவர்களாவோம்.