ஒரு வாரமும் எட்டு வருஷமும்

இன்னிக்கு நாம போகப்போறது 2009, பிரிட்டன். அந்த ஒரே வருஷத்துல அங்க டிவியில ரெண்டு புதுத் தொகுப்பாளர்கள் வந்தாங்க.

முதல்ல ஜனவரி. பிபிசி நடத்துற சின்னக் குழந்தைகளுக்கான சேனல் சிபீபீஸ். அதுல செர்ரி பர்னெல் என்ற நடிகை தொகுப்பாளரா சேர்ந்தாங்க. பிறவியிலேயே அவங்களுக்கு வலது முழங்கைக்குக் கீழே கை கிடையாது. செயற்கைக் கை எதுவும் மாட்டாம, இயல்பா வந்து நின்னாங்க. சில பெற்றோர்கிட்ட இருந்து புகார் வந்துச்சு. ஒரு அப்பா, என் பொண்ணுக்குக் கெட்ட கனவு வரும், இந்த சேனலையே பார்க்க விடமாட்டேன்னார்.

கவனிங்க, பயந்தது குழந்தைங்க இல்ல. குழந்தை 'அந்த அக்காவுக்குக் கை எங்கே?'ன்னு கேட்கும், பதில் கிடைச்சதும் கார்ட்டூனுக்குப் போயிடும். பதில் சொல்லத் தயங்கினது பெரியவங்க. பிபிசி அவங்களை மாத்தல.

ரெண்டாவது, நவம்பர். ஜேம்ஸ் பார்ட்ரிட்ஜ், 18 வயசுல வண்டி தீப்பிடிச்சு முகம் கடுமையா வெந்து போனவர். முகச் சிதைவு உள்ளவங்களுக்காக 1992-ல 'சேஞ்சிங் ஃபேசஸ்' அமைப்பைத் தொடங்கினவர். ஃபைவ் சேனல்ல மதியச் செய்தி வாசிச்சார். ஒரு வாரம் மட்டும்.

அந்த ஒரு வாரம் முக்கியம்தான். ஆனா எனக்கு அதுல ஒரு சிக்கல் தெரியுது. முதல் நாள் நாம முகத்தைப் பார்ப்போம். பழகப் பழகத்தான் செய்தி காதுல விழும். பழகுற நேரத்துல ஆளே இல்லைன்னா, அவர் 'ஸ்பெஷல் கெஸ்ட்' மாதிரிதானே மனசுல நிப்பார்?

செர்ரி 2017 வரைக்கும் இருந்தாங்க. எட்டு வருஷம். ராத்திரி தூங்கப்போற நேரத்து நிகழ்ச்சியிலயும் வந்தாங்க. 2009-ல மூணு வயசுக் குழந்தைக்கு அப்போ பதினொரு வயசு. அந்தக் குழந்தைக்கு அவங்க வெறும் டிவி அக்கா, அவ்வளவுதான்.

நடுவுல 2012 லண்டன் பாராலிம்பிக்ஸ். சேனல் 4 தன் தொகுப்பாளர்கள்ல பாதிப் பேரை மாற்றுத்திறனாளிகளா எடுத்துச்சு. அப்போ ஆரம்பிச்ச 'தி லாஸ்ட் லெக்' நிகழ்ச்சியில, செயற்கைக் கால் வச்ச ஆடம் ஹில்ஸ் தொகுப்பாளர். போட்டி முடிஞ்ச பிறகும் அந்த நிகழ்ச்சி தொடர்ந்துச்சு.

அதனால ஒரு சேனல் 'நாங்களும் வாய்ப்புக் கொடுத்தோம்'னு சொன்னா, நான் ஒரு கேள்விதான் கேட்பேன்: எத்தனை நாளைக்கு? மாற்றுத்திறனாளிகள் தினத்துக்கு மட்டுமா, இல்ல சாதாரண செவ்வாய்க்கிழமையும் மாசச் சம்பளத்தோடவா?

நீங்க தினமும் பார்க்கிற சேனலை இன்னிக்கு அந்தக் கண்ணோட பாருங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.