ஒரு வேன் விபத்தும் பழைய பாட்டுகளும்



ஃபேர்போர்ட் கன்வென்ஷன் என்ற ஆங்கில இசைக்குழு 1967-இல் லண்டன் மஸ்வெல் ஹில்லில் தொடங்கியது. ஃபேர்போர்ட் என்பது ஒத்திகை பார்த்த வீட்டின் பெயர். பையன்கள் கூடிய வீடே குழுவுக்கும் பெயராகிவிட்டது! முதலில் அமெரிக்கப் பாட்டுகளைத்தான் அதிகம் பாடினார்கள்.

1969 மே 12. பர்மிங்ஹாமில் கச்சேரி முடித்துத் திரும்பும்போது நெடுஞ்சாலையில் வேன் கவிழ்ந்தது. டிரம்ஸ் வாசித்த மார்ட்டின் லாம்பிள் இறந்துபோனார். 19 வயது, கல்லூரிக்குப் போகிற வயது. உடன் வந்த ஜீனி ஃபிராங்க்ளின் என்ற பெண்ணும் பிழைக்கவில்லை. குழுவையே கலைத்துவிடலாமா என்று யோசித்தார்கள்.

கலைக்கவில்லை. ஆனால் அந்தப் பிள்ளை வாசித்த பழைய பாட்டுகள் இனி வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். வேறு எதைப் பாடுவது? ஆஷ்லி ஹட்சிங்ஸ், செசில் ஷார்ப் ஹவுஸ் நூலகத்தில் போய் உட்கார்ந்தார். கிராமத்து ஜனங்கள் வாய்மொழியாகப் பாடிவந்த கதைப்பாடல்களைத் தொகுத்து வைத்திருக்கும் இடம் அது. ஹாம்ப்ஷயரில் ஒரு கிராமத்து வீட்டில் தங்கி, அந்தப் பாட்டுகளை எலெக்ட்ரிக் கிட்டார், டிரம்ஸ், டேவ் ஸ்வார்பிரிக்கின் வயலினோடு பழகினார்கள். பாடியவர் சாண்டி டென்னி. என்ன குரல்! டிசம்பரிலேயே 'லீஜ் அண்ட் லீஃப்' இசைத்தட்டு வந்துவிட்டது. பிரிட்டிஷ் நாட்டுப்புற ராக் இசைக்கு அதுதான் அஸ்திவாரம்.

பிறகு பலர் வந்தார்கள், போனார்கள். 1979-இல் க்ராப்ரெடி கிராமத்தில் பிரியாவிடைக் கச்சேரியும் நடத்தினார்கள். மறு வருடமே திரும்பக் கூடிவிட்டார்கள்! அது இப்போது ஆகஸ்ட் மாதத் திருவிழாவாகிவிட்டது.